யேட்ஸ் வீட்டுக் கடிதங்கள் ஏலத்துக்குப் போனது சரிதானா?

கேள்வி இதுதான்: “கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் குடும்பத்தார் 2017இல் வீட்டிலிருந்த கடிதங்கள், ஓவியங்கள், சாமான்களை லண்டனில் ஏலம் விட்டதாகப் படித்தேன். நோபல் பரிசு வாங்கியவருடைய பேரப்பிள்ளைகள் இப்படிச் செய்யலாமா? அயர்லாந்தின் தேசிய நூலகத்துக்கே கொடுத்திருக்கலாமே? ஏலத்தில் எடுத்தவர் அந்தக் கடிதங்களை இஷ்டத்துக்குப் புத்தகமாகப் போட்டுக்கொள்ளலாமா?”

பழைய காகிதங்களுக்குப் பட்டியல் போடுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. அதில் பெரும்பகுதி அயர்லாந்தில், இந்தக் காலத்துக் காகிதங்களோடு கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நடுவில் இருக்கிற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறையாகக் கொடுத்தார்கள். ஏலத்துக்குப் போனது, கொடுத்தது போக வீட்டில் தங்கிய மிச்சம்.

யேட்ஸ் 1939 ஜனவரி 28 அன்று தென் பிரான்ஸில் இறந்தார். மனைவி ஜார்ஜுக்கு அப்போது 46 வயது. (ஆண் பெயராயிற்றே என்று குழம்ப வேண்டாம். பிறந்த வீட்டில் ஜார்ஜி ஹைட்-லீஸ். ஜார்ஜ் என்று கூப்பிட ஆரம்பித்தவர் யேட்ஸ்தான்.) அதற்கப்புறம் 29 வருடம், 1968இல் கண்மூடும்வரை, கணவரின் காகிதங்களை அந்த அம்மாள்தான் கட்டிக் காத்தார். பெரும்பகுதிக் காலம் டப்ளினில் ராத்மைன்ஸ் பக்கம் பால்மர்ஸ்டன் ரோட்டு வீட்டில். பூட்டி வைத்துக் காக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ரிச்சர்ட் எல்மன் என்ற அமெரிக்க இளைஞர் யேட்ஸைப் பற்றி ஆராய வந்து நின்றார். ஜார்ஜ் ஒரு சூட்கேஸை எடுத்தார். அவர் பார்க்க ஆசைப்பட்ட கையெழுத்துப் பிரதிகளை அதில் அடுக்கினார். கொண்டுபோய்ப் படியுங்கள் என்று கொடுத்து அனுப்பினார். 1948இல் வெளியான எல்மனின் யேட்ஸ் வரலாற்றுக்கு அந்தச் சூட்கேஸ்தான் ஆதாரம். இன்றைக்கு எந்தக் காப்பகமும் இப்படிச் செய்யாது, செய்யவும் கூடாது. ஆனால் அந்த அம்மாளுக்கு ஆராய்ச்சி உலகம் பட்டிருக்கிற கடன் தீராது.

ஜார்ஜ் உயிரோடு இருந்தபோதே தேசிய நூலகத்துக்குக் கையெழுத்துப் பிரதிகள் போக ஆரம்பித்துவிட்டன. மகன் மைக்கேல் 1985இல் பெரிய அளவில் கொடுத்தார். மகள் ஆன் ஓவியர். சித்தப்பா ஜாக் யேட்ஸின் ஸ்கெட்ச் புத்தகங்களையும் காகிதங்களையும் 1996இல் தேசிய ஓவியக் கூடத்துக்குக் கொடுத்தார். அவர் 2001இல் இறந்தபின், யேட்ஸ் ஓரங்களில் குறிப்பு எழுதி எழுதிப் படித்த சொந்தப் புத்தகங்களும் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டப்ளின் கில்டேர் தெருவில், அந்த நூலகத்திலேயே 2006இல் இலவச யேட்ஸ் கண்காட்சி ஒன்று தொடங்கியது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம் கொடுத்ததுதான்.

மைக்கேல் 2007இல் இறந்தார். அவர் மனைவி, ஹார்ப் இசைக் கலைஞர் கிரான்யா, 2013இல். அதற்குப் பிறகுதான் 2017 செப்டம்பர் 27 அன்று லண்டனில் சாத்பீஸ் என்ற ஏலக் கம்பெனியில் அந்த ஏலம், 200க்கு மேற்பட்ட லாட்டுகளாக. (ஏலத்தில் ஒரே விலைக்குச் சேர்த்து விற்கும் பொருளோ கட்டோ ஒரு லாட்.) ஜாக்கின் ஓவியங்கள் இருந்தன. கவிஞரின் அப்பா ஜான் பட்லர் யேட்ஸ் தன்னையே வரைந்த படம் இருந்தது. 1911இல் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் குவின் கேட்டதற்காக ஆரம்பித்து, 1922இல் சாகும்வரை பதினோரு வருடம் திருத்தித் திருத்தி முடிக்காமலே விட்டுப்போன படம் அது. யேட்ஸ் தன் ஒருகாலத்துக் காதலி ஒலிவியா ஷேக்ஸ்பியருக்கு 1890களிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் எழுதிய கடிதங்களும் பட்டியலில் இருந்தன.

சரி, மிச்சத்தையும் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அயர்லாந்தின் 1997ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் 1003ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நாட்டுக்கு முக்கியமான கலைப்பொருளையோ ஆவணத் தொகுப்பையோ தேசிய நிறுவனத்துக்கு இனாமாகக் கொடுத்தால், சந்தை மதிப்பில் 80 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கழிக்க வரி இருக்க வேண்டுமே! பரம்பரையாக ஒரு பெட்டி நிறையக் கடிதம் வந்திருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு லட்சக்கணக்கில் வரி எங்கே வரப்போகிறது? அதனால் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவது பெரும்பாலும் வங்கிகளும் பெரும் பணக்காரர்களும். சாதாரண வாரிசுக்கு இருக்கிற வழி, பணம் வாங்காமல் கொடுப்பது அல்லது விற்பது.

வாரிசு வரி 33 சதவீதம். கலைப்பொருளை நாட்டிலேயே வைத்துப் பொதுமக்கள் பார்க்க வசதி செய்தால் அந்த வரிக்கு விலக்கு உண்டு. வீட்டில் அந்த வசதியைச் செய்து, காப்பீடு கட்டி, ஈரமான அயர்லாந்துக் குளிரிலிருந்து காகிதத்தைக் காப்பாற்றி, நாலு பேர் பங்குதாரர்களாக இருக்கிற சொத்தை யார் வீட்டில் வைப்பது என்றும் தீர்மானித்துப் பாருங்கள். 78 வருடம் அப்படி வைத்திருந்த குடும்பத்தைப் பார்த்து, மிச்சத்தை விற்றதற்காக விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். செய்யலாம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. விற்றது அல்ல, சேர்ந்திருந்த காகிதங்களைப் பிரித்தது.

அயர்லாந்தின் மொழிக்கும் இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும் புத்துயிர் கொடுத்த இயக்கத்தைத்தான் ஐரிஷ் மறுமலர்ச்சி என்கிறோம், சுமார் 1890களிலிருந்து 1920கள் வரை. தேய்ந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்க டக்ளஸ் ஹைடும் கூட்டாளிகளும் 1893இல் கேலிக் லீக் தொடங்கினார்கள். யேட்ஸின் தங்கைகள் டப்ளினுக்கு வெளியே டன்ட்ரமில் கைவினைப் பட்டறையில் சேர்ந்து அச்சகமும் எம்ப்ராய்டரியும் நடத்தினார்கள். 1908இல் அது குவாலா அச்சகம் ஆனது. யேட்ஸும் நாடகாசிரியர் லேடி கிரெகரியும் சேர்ந்து நடத்திய அபே தியேட்டர் டப்ளினில் 1904 டிசம்பர் 27 அன்று திறந்தது. இவர்கள் எல்லோரும் ஓர் ஊரில் இருக்கவில்லை. யேட்ஸ் பாதி நாள் லண்டன் வோபர்ன் பில்டிங்ஸில், லேடி கிரெகரி மேற்கே கால்வே மாவட்டத்துக் கூல் மாளிகையில், அப்பா நியூயார்க்கில். ஆகவே இயக்கமே பெரும்பாலும் கடிதத்தில்தான் நடந்தது. எந்த நாடகம் போடுவது, யாருக்கு எந்த வேஷம், எந்த வசனத்தை வெட்டுவது, அடுத்த மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது, எல்லாமே தபாலில்.

ஓர் உதாரணம். 1907 ஜனவரி 26 இரவு ஜான் சிங் எழுதிய ‘தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ நாடகம் அபேயில் முதல் முறை அரங்கேறியது. யேட்ஸ் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் சொற்பொழிவுக்குப் போயிருந்தார். லேடி கிரெகரி ஒரு தந்தி கொடுத்தார், நாடகம் பெரிய வெற்றி என்று. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தந்தி போனது: ‘ஷிஃப்ட்’ என்ற வார்த்தையில் கூட்டம் கலவரத்தோடு கலைந்தது என்று. பெண்கள் உள்ளே போடும் ஆடைக்குப் பெயர் அது. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் அரங்கில் ரகளை. முதல் தந்தி மட்டும் உங்கள் கையில் இருந்தால் அன்று நடந்ததைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடிதத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது எழுதியவரிடம் இருக்காது, வாங்கியவரிடம்தான் இருக்கும். மோட் கான் விஷயத்தைப் பாருங்கள். யேட்ஸ் வாழ்நாள் முழுக்க மறக்காத பெண். அவர் எழுதிய கடிதங்களை யேட்ஸ் பத்திரமாக வைத்திருந்தார், அதனால் முன்னூற்றுச் சொச்சம் பிழைத்தன. யேட்ஸ் அவருக்கு எழுதியவையோ, உள்நாட்டுப் போரின்போது அரசுப் படையினர் அவர் வீட்டைச் சோதனையிட்டபோது மற்றக் காகிதங்களோடு தெருவில் எரிந்து போயின. 1992இல் இருவர் கடிதங்களும் புத்தகமாக வந்தபோது யேட்ஸ் பக்கத்தில் முப்பது சொச்சம்தான் இருந்தன. பெரும் கவிஞர் ஒருவருடைய காதல் கடிதங்களில், கவிஞரின் குரல்தான் நமக்குக் கேட்காது. அந்த அம்மாளின் கடிதங்கள் இப்போது அமெரிக்காவில், அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒலிவியா விஷயத்தில் மட்டும் விதி மாறிற்று. அவர் 1938இல் இறந்ததும் யேட்ஸ் எழுதியவை யேட்ஸ் கைக்கே திரும்பி வந்தன. எண்பது வருடம் கழித்து ஏலப் பட்டியலில் வர முடிந்தது அதனால்தான்.

ஐரிஷ்காரர்கள் இதில் இவ்வளவு உணர்ச்சிவசப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, அதே உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. எழுநூறு வருட ஆவணங்கள் சாம்பலாயின. எரிந்த துண்டுகள் நகரம் முழுக்கக் காற்றில் பறந்து விழுந்தன. அரசிடம் இருந்தது அப்படிப் போன நாட்டில் வீட்டுப் பரணில் இருக்கிற காகிதத்தின் எடை கூடிவிடுகிறது.

இனி, ஏலத்தில் கட்டு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம்.

ஏலக் கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வருகிறார். நல்ல அறிவாளிகள்தான் இவர்கள், பலர் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து லாட் பிரிக்கிறார். எதற்குத் தனியாகக் கேட்க ஆள் உண்டோ அது தனி லாட். பெரிய பெயரின் கையெழுத்து, கடிதத்துக்குள்ளே ஒரு கவிதையின் முதல் வடிவம், இன்னொரு பெரிய பெயரைப் பற்றிய கடுமையான வரி, இவையெல்லாம் தனித்தனி. நிலக்கரிக்காரர் பில், ஒத்திகை நேரம் மாறியது பற்றிய அஞ்சலட்டை, தங்கைகளின் அச்சகத்துக் காகிதக் கணக்கு, இவை ஒரே கட்டாகக் கடைசி லாட்டில். எதிர்பார்ப்பு விலை என்று இரண்டு எண்கள் பட்டியலில் அச்சாகும். அதற்குக் கீழே, விற்பவருக்கும் கம்பெனிக்கும் மட்டும் தெரிந்த ஒரு குறைந்தபட்ச விலை இருக்கும். கேட்கிற விலை அதைத் தொடாவிட்டால் சரக்கு விற்காமல் திரும்பும். சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் ஏறக்குறைய கால் பங்கு வாங்குபவர் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். விற்றவரிடமும் தனியாகக் கமிஷன் பிடிப்பார்கள். நூலகம் ஆயிரம் பவுண்ட் என்று கையைத் தூக்கினால் அதன் பையிலிருந்து போவது ஆயிரத்து இருநூற்றைம்பது. இதைக் கணக்குப் போடாமல் “நூலகம் ஏன் கேட்கவில்லை?” என்று கோபப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒரு சின்னத் தகவல். ஜாக் யேட்ஸின் ஓவியம் மறுபடி மறுபடி விற்கும்போது ஒவ்வொரு முறையும் அவர் வாரிசுகளுக்கு ஒரு சிறு பங்கு சட்டப்படி போகும், ஓவியர் இறந்து 70 வருடம்வரை. அவர் இறந்தது 1957. எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிக்கு இந்த உரிமை கிடையாது. கடிதம் ஒருமுறை கைமாறினால் குடும்பத்துக்கும் அதற்கும் காசுத் தொடர்பு அறுந்தது.

நூலகத்தின் வாசிப்பறையில் ஒரு யேட்ஸ் கடிதத்தை முன்னால் வைத்தால் முதலில் என்ன தெரியும் தெரியுமா? பல கடிதங்களில் தேதி இருக்காது. ‘செவ்வாய்’ என்று மட்டும் இருக்கும். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. எழுத்துப்பிழை தாராளம். பேராசிரியர் பதவி ஒன்றைப் பற்றி எழுதிய கடிதத்தில் அந்தப் பதவியின் பெயரையே தப்பாக எழுதியவர் அவர். அப்போது எந்தச் செவ்வாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உறையைப் பார்க்க வேண்டும், தபால் முத்திரையில் நாள் இருக்கும். உறை இல்லையா, காகிதத்தின் தலைப்பைப் பார்க்க வேண்டும். லண்டன் வோபர்ன் பில்டிங்ஸ் என்றால் 1919 வரை, டப்ளின் மெரியன் ஸ்கொயர் என்றால் 1922இலிருந்து. அதுவும் இல்லையா, அதே கட்டில் மேலேயும் கீழேயும் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அடுக்கி வைத்த கைக்குத் தெரிந்த வரிசை அது. லாட் பிரிக்கிறவர் உறையைக் கழற்றி, கடிதத்தை விரித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டை அவிழ்த்த நிமிடத்தில் அந்த வரிசை போய்விடும். திரும்ப எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். டப்ளினில் ஓர் ஏலத்துக்கு முந்தின நாள், வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று சரக்கைப் பரப்பியிருந்தார்கள். யேட்ஸ் குடும்பத்தோடு சம்பந்தம் இல்லாத வேறொரு வீட்டுக் காகிதங்கள். ஒரு லாட்டில் சிற்றூர் ஒன்றின் கேலிக் லீக் கிளைச் செயலாளர் எழுதிய கடிதம் இருந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஐரிஷ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை எங்கள் பக்கம் அனுப்ப முடியுமா என்ற வேண்டுகோள். பழைய ஐரிஷ் எழுத்தில், நம் மெய்யெழுத்துகளைப் போலவே சில எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்து, பள்ளிப் பையன் மாதிரிக் கவனமாக எழுதியிருந்தார். இடது மேல் மூலையில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை, சுற்றிலும் துருக் கறை. நான்கு மேசை தள்ளி இன்னொரு லாட்டில், பெயர் பெற்ற ஒருவர் எழுதிய ஒரு பதிலின் நகல். யாருக்கு எழுதியது என்று பட்டியலில் இல்லை. அதே மூலையில் அதே இடைவெளியில் இரண்டு ஓட்டை, அதே துரு. நூறு வருடம் ஒரே குண்டூசியில் சேர்ந்து இருந்த கேள்வியும் பதிலும்.

பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் பட்டியல் அச்சாகிவிட்டது, இனி லாட்டை மாற்ற முடியாது என்றார். மறுநாள் பெரிய பெயர் நல்ல விலைக்குப் போனது. செயலாளர் கடிதம் வேறு ஒருவரிடம், வேறு மூன்று சில்லறைக் காகிதங்களோடு சேர்ந்து போனது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி ஆகாமல் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு அயர்லாந்திலேயே சாட்சி இருக்கிறது. 2002இல் தேசிய நூலகம் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் கையெழுத்துப் பிரதித் தொகுப்பு ஒன்றை 1 கோடியே 26 லட்சம் யூரோவுக்கு, ஒரு வங்கியின் உதவியோடு, ஏலமேடைக்கே போகாமல் முழுசாக வாங்கியது. (ஜாய்ஸ் இந்த இயக்கத்தைக் கிண்டல் செய்தவர், ஆனால் அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டவர்தான்.) அந்தக் காகிதங்களைக் காத்தவர் ஜாய்ஸின் நண்பர் பால் லெயோன். யூதர். நாஜிகள் பாரீஸைப் பிடித்திருந்த நாட்களில் ஜாய்ஸ் விட்டுப்போன வீட்டிலிருந்து காகிதங்களையும் புத்தகங்களையும் மீட்டார். ஒரு பகுதி ஐரிஷ் தூதர் வழியாக டப்ளின் போய், ஐம்பது வருடம் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நூலகத்தில் கிடந்து 1991இல் திறந்தது. லெயோனை நாஜிகள் 1942இல் கொன்றுவிட்டார்கள். 2002இல் வந்தது அவர் குடும்பத்தில் தங்கியிருந்த மற்றொரு பகுதி. விலை பெரிதுதான். ஆனால் ‘யுலிசிஸ்’ நாவலின் பல அத்தியாயங்கள் எப்படி வளர்ந்தன என்பதை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடிகிறது. இடைத்தரகராக இருந்ததும் சாத்பீஸ்தான். ஏலக் கம்பெனியால் முழுசாக விற்றுக்கொடுக்கவும் முடியும், கேட்டால்.

யேட்ஸ் குடும்பத்து விஷயத்திலும் 2017இல் ஏலத்துக்கு முன்பே தேசிய நூலகம் குடும்பத்திடமிருந்து சிலவற்றை நேரடியாக வாங்கியது. அது நல்ல காரியம், அதில் எல்லோரும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். இன்னும் இரண்டு வருடம் முன்னாலேயே உட்கார்ந்து பேசி, எது எதோடு சேர்ந்தது என்று ஒரு முழுப் பட்டியல் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் போட்டு, ஒவ்வொரு தாளையும் உறையோடு படம் எடுத்து, அப்புறம் விற்றால் பாதி இழப்பு இல்லை.

எதிர்ப்பக்க உதாரணம் லேடி கிரெகரியின் கூல் மாளிகை. வீட்டை 1927இல் வனத்துறைக்கு விற்றுவிட்டு வாடகைக்கு இருந்தார். 1932இல் இறந்தார். சாமான்கள் ஏலத்தில் போயின. 1941இல் கல்லுக்காக வீட்டையே இடித்தார்கள். அவருடைய நாட்குறிப்புகள் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில், குடும்பக் காகிதங்கள் எமரியில், புத்தகங்கள் வேறு வேறு இடங்களில். எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன, அமெரிக்க நூலகங்கள் அருமையாகப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் கிரெகரி ஒரு காலைப் பொழுதில் என்ன செய்தார் என்று தெரிய ஓர் ஆராய்ச்சி மாணவி மூன்று நகரம் பறக்க வேண்டும். கூலில் இன்று மிச்சம் இருப்பது தோட்டமும், யேட்ஸ், சிங், ஷா எல்லோரும் பட்டையில் பெயர் முதலெழுத்து செதுக்கிய அந்தப் பீச் மரமும்தான்.

இந்த இயக்கத்தின் காகிதம் டப்ளின், லண்டன், நியூயார்க்கோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யேட்ஸின் வட்டத்தில் இருந்த ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரின் நாடகங்கள் 1902இல் டப்ளினில் மேடையேறின. அவரும் மனைவி மார்கரெட்டும் 1915இல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அழைப்பில் சென்னைக்கு வந்தார்கள், அயர்லாந்துக்குத் திரும்பக் குடிபோகவேயில்லை. மார்கரெட் 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மதனப்பள்ளியில் ஜன கண மன பாட்டுக்கு 1919இல் ஸ்வரம் எழுதி வைத்தவரும் அவரே. இருவரும் சேர்ந்து எழுதிய சுயசரிதை 1950இல் சென்னையில்தான் அச்சானது. அபே தியேட்டருக்கு முந்தைய நாட்களின் நேரடிச் சாட்சியம் அதில் இருக்கிறது. சென்னையில் பழைய பிரம்மஞான சபைக் குடும்பம் எதிலாவது ஒரு ட்ரங்குப் பெட்டி இருந்தால், கட்டை அவிழ்க்குமுன் யாரையாவது கூப்பிடுங்கள்.

கடைசிக் கேள்வி. வாங்கியவர் அச்சிடலாமா? முடியாது, வாங்கியதனால் மட்டும் முடியாது. அவர் வாங்கியது காகிதத்தை. அதில் உள்ள வார்த்தைகளின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். யேட்ஸ் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இறந்து 70 வருடம் கழித்து, அதாவது 2009 முடிவில், உரிமை தீர்ந்தது. வெளியாகாமல் கிடந்த எழுத்துக்குப் பிரிட்டனில் கதை வேறு. 1969க்கு முன் இறந்த ஒருவர் எழுதி வெளியாகாமல் இருந்தவற்றுக்கு அங்கே பொதுவாக 2039 முடியும்வரை உரிமை நீடிக்கும். ஒரு கட்டில் பத்துப் பேர் கடிதம் இருந்தால் பத்துக் குடும்பத்திடம் கேட்க வேண்டும். யேட்ஸ் தானே எழுதிய கடிதங்கள் பற்றி ஓர் ஆறுதல் உண்டு. ஜான் கெல்லி தலைமையில் ஆக்ஸ்ஃபோர்டு 1986இலிருந்து தொகுத்து வெளியிடுகிறது. 2002இல் மின்பதிப்பும் வந்தது. ஆகவே மூலம் யார் பெட்டகத்தில் இருந்தாலும் வாசகம் பெரும்பாலும் பதிவாகிவிட்டது. மற்றவர்கள், அதுவும் பெயர் தெரியாதவர்கள், எழுதியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் உங்களால் முடிவது ஒன்று உண்டு. பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் தேசிய நூலகத்துக்கு ஒரு வரி எழுதி, இன்னது என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, உறையும் பின்பக்கமும் தெரிய ஒரு படம் அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பதிலின் நகல் இப்போது ஒரு பொது நூலகத்தில் இருக்கிறது, பட்டியலில் ‘பெறுநர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு. செயலாளரின் கடிதம் எங்கே என்று தெரியவில்லை. ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் குறித்து வைத்தேன். பதினொரு மில்லிமீட்டர். சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.